விறகு மண்டிக்குப் போன கட்டைகள்

முதல்வர் அவர்களுக்கும், இயந்திரவியல் துறைத் தலைவர் அவர்களுக்கும், பாடத்திட்டக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களுக்கும்,

முதலாமாண்டு அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டிய சுற்றறிக்கையை என் அக்கா மகள் படமெடுத்து அனுப்பினாள். நான்கு பத்தி. மூன்றாவது பத்தியில் இப்படி இருக்கிறது: "வடிவச் சுழற்சித் தேர்வில் 30க்கு 18 மதிப்பெண் எட்டாத மாணவர்களுக்கு முப்பரிமாணக் கற்பனை இயல்பாக அமையவில்லை என்பதால், அவர்கள் வடிவமைப்புக் கூடத்தின் சிறப்புப் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டாம்." அவள் வாங்கியது 11. கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "சித்தி, எனக்கு இது பிறவியிலேயே இல்லையாம்."

அதே வாரத்தில் டிராயிங் ஹாலுக்குப் பின்னால் இருந்த மாதிரி அறையைக் காலி செய்து, உள்ளே இருந்த மரக்கட்டைகளை எடைக்குப் போட்டீர்கள். முதலாமாண்டில் கையால் வரையும் நேரத்தையும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாகச் சுருக்கிவிட்டீர்கள். உங்கள் கோப்புகளில் இவை மூன்றும் வேறு வேறு தீர்மானங்களாக இருக்கும். எனக்கு மூன்றும் ஒரே காரியமாகத்தான் தெரிகிறது. சொல்லித்தர வேண்டியதை நிறுத்திவிட்டு, சொல்லித்தராததைத் தெரியாதவர்களுக்குத் திறமை இல்லை என்று எழுதி ஒட்டியிருக்கிறீர்கள்.

நான் கோயம்புத்தூர் கணபதியில் பேட்டர்ன் ஷாப் வைத்திருக்கிறேன். 1998ல் உங்கள் கல்லூரியில் சேர்ந்து 2002ல் வெளியே வந்தவள். பவுண்டரிக்கு, அதாவது இரும்பை உருக்கி வார்க்கும் ஆலைக்கு, வெளியே இருப்பவர்களுக்குப் பேட்டர்ன் என்றால் சட்டென்று விளங்காது. உருக்கிய இரும்பை ஊற்றுவதற்கு மணலில் ஒரு பள்ளம் வேண்டும். பள்ளத்தை உண்டாக்க, வேண்டிய பொருளை முதலில் மரத்தில் செய்து மணலில் புதைத்து எடுக்க வேண்டும். அந்த மரப்பொருள்தான் பேட்டர்ன். பொருளுக்கு உள்ளே குடைவு இருந்தால், அந்தக் குடைவின் வடிவத்தை மணலிலேயே கட்டியாகச் செய்து உள்ளே வைப்போம், அது கோர். கோரைச் செய்ய ஒரு பெட்டி. அது கோர் பாக்ஸ். ஆக, ஒரு ஓட்டைக்கு ஒரு கட்டி, அந்தக் கட்டிக்கு இன்னொரு ஓட்டை. பம்பின் வெளிக்கூடான கேசிங் என்றால் அந்த ஓட்டை நத்தைக்கூடு மாதிரி சுருண்டு கொண்டே அகலும். போதாததற்கு வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும், அதற்கு அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மணலை உடைக்காமல் பேட்டர்ன் கிளம்பி வருவதற்குப் பக்கச் சுவர்களில் ஒரு பாகை, இரண்டு பாகை சரிவு கொடுக்க வேண்டும். வருகிற வரைபடத்தில் இதில் பாதி இருக்காது. நாள் முழுக்க உள்ளதை இல்லாததாகவும் இல்லாததை உள்ளதாகவும் மாற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் எங்கள் பிழைப்பு.

இப்படிப்பட்ட தொழில் செய்கிற நான், உங்கள் கல்லூரியில் முதல் பருவத்தில் ஈஜி என்கிற பொறியியல் வரைபடப் பேப்பரில் தோற்றவள். அரியர். மினி டிராஃப்டர் என்கிற வரைகருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏ2 ஷீட்டைக் குழாயில் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் வருவேன்; ஆனால் ஷீட்டில் இருக்கிற கோடு எதுவும் எனக்குப் பொருளாகத் தெரியாது. கூம்பைச் சாய்வாக வெட்டினால் என்ன வரும் என்ற கேள்விக்குப் பதினேழு படிகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தேர்வில் கேள்வியை லேசாகத் திருப்பிப் போட்டார்கள். பதினேழு படியும் போயிற்று.

அப்பா பேட்டர்ன் வேலைக்காரர். எட்டாவது வரைக்கும் படித்தவர். நான் அழுததைப் பார்த்துவிட்டு அடுப்படியிலிருந்து வாழைத்தண்டும் கத்தியும் எடுத்து வந்தார். தண்டைக் குறுக்கே ஒரு வெட்டு. வட்டம். கொஞ்சம் சாய்த்து ஒரு வெட்டு. நீள்வட்டம், உள்ளே இருக்கிற வளையங்களும் கூடவே நீண்டிருந்தன. இன்னும் சாய்த்து வெட்டச் சொல்லி கத்தியை என் கையில் கொடுத்தார். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் என்ன வரும் என்று தரையில் சாக்பீஸால் வரைந்து காட்ட வேண்டும். அதுதான் அவர் வைத்த கட்டளை. வரைந்தேன், வெட்டினேன், தப்பாக இருந்தது. மறுபடி வரைந்தேன். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் வாழைத்தண்டுப் பொரியல்.

"அம்மணி, கோட்டையே முறைச்சுப் பாத்துட்டிருந்தா ஒண்ணும் வராது. கட்டையைப் பாரு. அப்பறம் கண்ணை மூடிட்டு அதே கட்டையைப் பாரு" என்றார்.

கட்டை எங்கே என்று கேட்டபோதுதான், உங்கள் மாதிரி அறையில் இருப்பதெல்லாம் அவர் 1986ல் கடைந்து கொடுத்தவை என்று தெரிந்தது. மஞ்சக்கடம்பில் 60 உருப்படி. பட்டகம், கூர்ங்கோபுரம், உருளை, நடுவில் சதுர ஓட்டை போட்ட அறுகோணம், சாவிப்பள்ளம் வைத்த தண்டு. எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது ஒரு கூம்பு. அதை நான்கு இடத்தில் அறுத்து மர ஆணி வைத்துச் சேர்த்திருப்பார். மேல் துண்டைக் கழற்றினால் வட்டம், அடுத்ததைக் கழற்றினால் நீள்வட்டம், அதற்கடுத்து பரவளையம், ஓரத்துத் துண்டை எடுத்தால் அதிபரவளையம். அந்த அறையின் சாவி ஒரு ஆய்வக உதவியாளரிடம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திறந்துவிடுவார். ஆறு வாரம் நான் அங்கேதான் தயிர்ச்சோறு சாப்பிட்டேன். அடுத்த தேர்வில் 84.

இது என் கதை. ஒருத்தி கதையை வைத்து ஒரு கல்லூரியின் தீர்மானத்தை மாற்றச் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் உங்கள் தேர்வுக்கே வருகிறேன்.

நீங்கள் நடத்தியது 1970களில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் உருவான தேர்வின் வழி வந்தது என்று கேள்விப்பட்டேன். 30 கேள்வி, 20 நிமிடம். ஒரு உருவம் எப்படித் திரும்புகிறது என்று காட்டிவிட்டு, இன்னொரு உருவம் அதே மாதிரி திரும்பினால் ஐந்தில் எது என்று கேட்கும். நல்ல தேர்வுதான். அதை நான் குறை சொல்லவில்லை. இதற்கெல்லாம் முன்னோடி, 1971ல் ரோஜர் ஷெப்பர்ட், ஜாக்குலின் மெட்ஸ்லர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் செய்த சோதனை. சதுரக் கட்டிகளை ஒட்டிச் செய்த முழங்கை மாதிரி உருவங்களை இரண்டிரண்டாகக் காட்டி, இரண்டும் ஒன்றா, கண்ணாடிப் பிம்பமா என்று கேட்டார்கள். 8 பேர், 1600 ஜோடிகள். இரண்டு உருவத்துக்கும் நடுவே கோணம் கூடக்கூட, பதில் சொல்ல ஆகும் நேரமும் அதே விகிதத்தில் நேர்கோடாகக் கூடியது. திருப்பமே இல்லையென்றால் ஒரு நொடி அளவு. 180 பாகை என்றால் நான்கைந்து நொடி. அதாவது மனதுக்குள் கட்டையை நிஜமாகவே கையால் சுற்றுவது மாதிரிதான் சுற்றுகிறோம், பாதி தூரம் போக பாதி நேரம் ஆகிறது. அப்பா கண்ணை மூடிப் பார் என்று சொன்னது இதைத்தான்.

சரி, இந்த மாதிரித் தேர்வில் குறைவாக வாங்கியவர்களை என்ன செய்வது? மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி என்ற பேராசிரியர் இருந்தார். அவரே மாணவியாக இருந்தபோது பொறியியல் வரைபடப் பாடத்தில் திணறியவர். 1993ல் அவரும் பெவர்லி பார்ட்மன்ஸ் என்ற கணிதப் பேராசிரியரும் சேர்ந்து, முதலாமாண்டு மாணவர்களுக்கு நீங்கள் வைத்த இதே வகைத் தேர்வை வைத்தார்கள். 60 சதவீதத்துக்குக் கீழே வாங்கியவர்கள் யார் என்று பார்த்தார்கள். அதில் பெண்கள் அதிகம். அவர்களைக் கூப்பிட்டு ஒரு தனிப் பாடம் நடத்தினார்கள். கட்டிகளை அடுக்கிக் கையால் வரைவது, திருப்பி வரைவது, வெட்டினால் என்ன வரும் என்று யோசிப்பது, விரித்த அட்டையை மனதில் மடிப்பது. அவ்வளவுதான். மதிப்பெண் ஏறியது. வரைபடப் பாடத்தில் நன்றாகச் செய்தார்கள். படிப்பைப் பாதியில் விடாமல் பொறியியலில் நிலைத்த பெண்கள் அதிகமானார்கள்.

30க்கு 18 என்பதும் அதே 60 சதவீதம்தான், ஐயா. அதே தேர்வு, அதே கோடு. அவர்கள் கோட்டுக்குக் கீழே இருந்தவர்களை வகுப்புக்குள் கூப்பிட்டார்கள். நீங்கள் வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள்.

"இயல்பாக அமையவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லுக்கு எந்த ஆதாரமும் இல்லை. 2013ல் டேவிட் உட்டல் என்ற உளவியல் ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்தத் திறமைக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த 217 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். பயிற்சி கொடுத்தால் ஏறுகிறது, உடனே வடிந்துவிடுவதில்லை, பயிற்சி கொடுக்காத வேறு வகைக் கணக்குகளுக்கும் கொஞ்சம் போய்ச் சேர்கிறது என்பது அவர்கள் கண்டது. லண்டன் டாக்சிக்காரர்கள் விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உரிமம் வாங்க 25,000 தெருக்களை மனதில் ஏற்ற வேண்டும். மூன்று நான்கு வருடம் ஆகும். அவர்களுக்கு மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பின்பக்கம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதாக எலினோர் மகுவையர் என்ற மூளை ஆய்வாளர் 2000ல் காட்டினார். அப்போதும் இதே கேள்விதான் வந்தது: அப்படிப் பிறந்தவர்கள்தான் டாக்சிக்காரர்கள் ஆனார்களோ? 2011ல் அவரும் கேத்தரின் வூலெட்டும், பயிற்சிக்கு முன்பும் பின்பும் அதே ஆட்களைப் படமெடுத்துப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு. படித்துத் தேறியவர்களுக்கு மட்டும் வளர்ந்திருந்தது. தெருவை மனதில் வைப்பதும் கட்டையை மனதில் சுற்றுவதும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயிற்சி மூளையையே மாற்றும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எதற்கு?

பெண் பிள்ளைகள் விஷயத்தைச் சுற்றறிக்கையில் நீங்கள் எழுதவில்லை. எழுதத் தேவையே இல்லாமல் போயிற்று. என் அக்கா மகள் வகுப்பில் சிறப்புப் பிரிவுக்குத் தேறிய பெண் ஒரே ஒருத்தி. மனதில் சுற்றும் தேர்வுகளில் சராசரியாக ஆண்கள் கூடுதலாக வாங்குவது உலகம் முழுக்கப் பலமுறை பார்த்த விஷயம், அதை நான் மூடி மறைக்கவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. நம் நாட்டிலேயே, மேகாலயாவில், மோஷே ஹோஃப்மேன், யூரி நீசி, ஜான் லிஸ்ட் மூவரும் செய்த ஆய்வு 2011ல் வந்தது. பக்கத்துப் பக்கத்தில் வாழும் இரண்டு பழங்குடிகள். கர்பி மக்களிடம் சொத்து மகனுக்குப் போகும். காசி மக்களிடம் கடைசி மகளுக்குப் போகும். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் துண்டுகளாக வெட்டிய ஒரு படத்தைக் கொடுத்துச் சேர்க்கச் சொன்னார்கள். கர்பிகளில் ஆண்கள் வேகமாக முடித்தார்கள். காசிகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. டொராண்டோவில் 2007ல் இன்னொன்று செய்தார்கள்: பத்து மணி நேரம் சுடும் வீடியோ கேம் ஆடவிட்டதும் பெண்களின் மதிப்பெண் ஏறி, ஆண்களோடு இருந்த இடைவெளி பெரும்பாலும் சுருங்கிப் போயிற்று. பத்து மணி நேரத்தில் மூடுகிற பள்ளத்தைப் பிறவி என்று சொல்லலாமா?

என் அக்கா மகள் தாராபுரம் பக்கத்துக் கிராமம். அந்தத் தேர்வில் வந்த மாதிரி உருவத்தை வாழ்க்கையில் முதல் முறையாக அன்றைக்குத்தான் பார்த்தாள், அதுவும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிற கணினித் திரையில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் ஆறாவது வகுப்பிலிருந்தே கோச்சிங் சென்டரில் இந்த மாதிரிப் புதிர்களைப் போட்டவன், ரூபிக்ஸ் க்யூபை ஒரு நிமிடத்தில் சேர்ப்பவன். அவனைக் குறை சொல்லவில்லை. இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்தி, அவனுக்கு இயல்பு, இவளுக்கு இல்லை என்று எழுதியதைத்தான் சொல்கிறேன்.

அவளுக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டீர்களா? மார்கழியில் 21 புள்ளிக்குச் சிக்குக்கோலம் போடுவாள், கையை எடுக்காமல். கோடு எங்கே உள்ளே புகுந்து எங்கே திரும்பி வரும் என்று மாவு விழும் முன்பே அவளுக்குத் தெரியும். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் 1970களில் இந்தக் கோலங்களை எடுத்து, கணினி அறிவியலின் இலக்கண விதிகளாகவே எழுதிக் காட்டினார்கள். அதே பெண் திசை சொல்கிற அழகையும் பார்க்க வேண்டும். எங்கள் ஷாப்புக்குள் நின்றுகொண்டே "சித்தி, உளி உங்களுக்குத் தெக்கால இருக்கு" என்பாள். மதுரை வட்டாரத்தில் எரிக் பீடர்சன் என்ற மொழியியலாளர் ஆய்வு செய்தபோது, கிராமத்தார் மேசை மேல் இருக்கிற சின்னப் பொருளுக்குக்கூட வடக்கு, தெற்கு என்று சொல்வதையும், நகரத்தார் இடது, வலது என்று சொல்வதையும் கண்டார். பேச்சில் மட்டுமில்லை, பொம்மைகளை வரிசையாக வைத்துக் காட்டி, ஆளைத் திருப்பி நிற்கவைத்து மறுபடி அடுக்கச் சொன்னால், அந்த நினைவும் அதே வழியில்தான் போயிற்று. உடம்பு எப்படித் திரும்பினாலும் திசை பிசகாமல் மனதில் வைத்திருப்பதும் இடத்தைப் பற்றிய அறிவுதான். உங்கள் 30 கேள்வியில் அதற்கு ஒரு கேள்வியும் இல்லை. கோலம் போட்டால் கேசிங் வரைந்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை, அது வேறு, இது வேறு. ஆனால் இடத்தைப் பற்றிய அறிவே இல்லாத பெண் என்று அவளைச் சொன்னால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

இனி கையும் கட்டையும் எதற்கு என்ற விஷயம். துறைத் தலைவர் அவர்களிடம் போனில் பேசியபோது, "இப்போ எல்லாம் சாஃப்ட்வேர்லயே சுத்திப் பாக்கலாம்மா, மரக்கட்டை எதுக்கு?" என்றீர்கள். நானும் கணினியில்தான் மாடல் செய்கிறேன்; ஷாப்பில் கணினி சொன்னபடி மரத்தைக் குடையும் சிஎன்சி ரவுட்டர் ஓடுகிறது. எங்களிடம் போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு பவுண்டரியிலிருந்து பழைய கோர் பாக்ஸ் ஒன்றின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, இதே மாதிரி வேண்டும் என்றார்கள். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன், டிப்ளமோ முடித்தவன், சாஃப்ட்வேரில் புலி. படத்தைப் பார்த்து மாடல் செய்தான். நடுவில் உருண்டையாக ஒரு புடைப்பு. நான் போனை வாங்கித் தலைகீழாகத் திருப்பிக் காட்டினேன். புடைப்பு பள்ளமாகிவிட்டது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மறுபடி திருப்பினேன், மறுபடி புடைப்பு. நடந்தது இவ்வளவுதான்: எடுத்தவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்திருக்கிறார், அதனால் படத்தில் வெளிச்சம் கீழிருந்து விழுகிறது. நம் கண்ணோ வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று எடுத்துக்கொள்ளும். காலம் காலமாகச் சூரியன் தலைக்கு மேலேதானே. மேல் விளிம்பில் வெளிச்சம் இருந்தால் புடைப்பு, நிழல் இருந்தால் பள்ளம் என்று நம்மைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிடும். முத்திரை வெட்டுகளில் பள்ளம் மேடாகத் தெரிவதைப் பற்றி டேவிட் புரூஸ்டர் என்ற இயற்பியலாளர் 1826லேயே எழுதியிருக்கிறார். கம்பிச் சட்டம் மாதிரி வரைந்த கனசதுரம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்பக்கமும் பின்பக்கமும் இடம் மாறுவதை 1832ல் அவருக்கே கடிதமாக எழுதினார் லூயி ஆல்பர்ட் நெக்கர் என்ற படிக ஆய்வாளர். தாளிலோ திரையிலோ இருப்பது தட்டையான கோடு. அதற்கு ஆழம் கொடுப்பது நம் மூளை, பழைய அனுபவத்தை வைத்துக்கொண்டு. அனுபவம் தப்பாக இருந்தால் ஆழமும் தப்பும்.

அந்தப் பையனுக்குச் சாஃப்ட்வேர் எதையும் சொல்லவில்லை. புடைப்பைச் செய்யச் சொன்னான், செய்தது. அழகாகச் சுற்றியும் காட்டியது. கோர் பாக்ஸில் ஒரு முறையாவது விரலை விட்டுத் தடவிய கை, அந்த இடத்தில் புடைப்பு இருந்தால் மணல் கோருக்கு என்ன ஆகும் என்று யோசித்திருக்கும்.

இன்னொன்று சின்னதாக. வரைபடத்தில் தோற்றங்களை அடுக்க நாம் பயன்படுத்துவது முதல் கோண முறை. மேல் தோற்றத்தைக் கீழே வரைவோம். அமெரிக்காவிலிருந்து வருகிற ஆர்டரெல்லாம் மூன்றாம் கோணம். அங்கே மேல் தோற்றம் மேலேயே இருக்கும். மூலையில் இருக்கிற சின்னக் கூம்புக் குறியைப் பார்க்காமல் விட்டால் இடது கைக்கு வலது கை மாதிரி கண்ணாடிப் பிம்பமாக வார்ப்பு வந்து நிற்கும். டன் கணக்கில் இரும்பு. குறியைப் பார்க்க மறந்தாலும், இரண்டு தோற்றங்களும் மனதில் சேர்ந்து பொருளாக நிற்காதபோது "எங்கேயோ இடிக்குதே" என்று தோன்ற வேண்டும். அந்த உறுத்தல் கையால் வரைந்து வரைந்து வருவது.

உங்கள் சுற்றறிக்கைக்கு அப்புறம் ஆறு ஞாயிற்றுக்கிழமை அவளை ஷாப்புக்கு வரச் சொன்னேன். இரண்டு சென்டிமீட்டர் தேக்குக் கட்டிகள் நாற்பது அறுத்துக் கொடுத்தேன். அடுக்கு, வரை, கால் சுற்று திருப்பி வைத்ததாக நினைத்து வரை, அப்புறம் நிஜமாகத் திருப்பிச் சரிபார். மூன்றாவது வாரம் ஒரு துணிப்பையில் பழைய கோர் துண்டைப் போட்டுக் கட்டி, கையை மட்டும் உள்ளே விட்டுத் தடவி மூன்று தோற்றம் வரையச் சொன்னேன். முதல் தடவை பத்து நிமிடம் பைக்குள் கையை விட்டபடி சும்மாவே உட்கார்ந்திருந்தாள். "சித்தி, இதுக்கு அடியில ஒரு படி இருக்கு, ஆனா அது நேரா இல்ல" என்றாள். சரிவு. ஒன்றரை பாகை இருக்கும். பைக்குள் விரல் நுனியில் கண்டுபிடித்துவிட்டாள். ஆறாவது வாரம் அதே வகைத் தேர்வில் வேறு 30 கேள்வி கொடுத்தேன், 20 நிமிடம். 19 வாங்கினாள். இரண்டாம் முறை எழுதினால் யாருக்கும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் கோட்டைத் தாண்டிவிட்டாள். இப்போது அவளுக்கு எது இயல்பு என்று எழுதுவீர்கள், 11ஆ, 19ஆ?

நான் கேட்பவை இவை.

சுற்றறிக்கையின் மூன்றாவது பத்தியைத் திரும்பப் பெறுங்கள். "இயல்பாக அமையவில்லை" என்ற சொற்களை நீக்கி, அதே பலகையில், அதே அளவு எழுத்தில் திருத்தத்தை ஒட்டுங்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அதை நம்பிவிட்டார்கள்.

தேர்வை வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 18க்குக் கீழே வாங்கியவர்களுக்கு இந்தப் பருவத்திலேயே வாரம் ஒரு முறை, பத்து வாரம், கட்டியும் பென்சிலும் வைத்து வகுப்பு நடத்துங்கள். பருவ முடிவில் மறுபடி தேர்வு வையுங்கள். சிறப்புப் பிரிவுக்கு ஆள் எடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதல் தேர்விலும் இரண்டாம் தேர்விலும் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்பதை, பெயரில்லாமல், ஆண் பெண் பிரித்து எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

கையால் வரையும் நேரத்தைப் பழையபடி வாரத்துக்கு மூன்று மணி நேரமாக்குங்கள். டிராஃப்டர் வேண்டாம் என்றால் வேண்டாம், வெறும் கையால் பென்சிலில் வரையட்டும். ஆனால் எதிரே ஒரு கட்டை இருக்க வேண்டும்.

மாதிரி அறை மறுபடி வேண்டும். பழைய அறையில் இப்போது இருக்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்தைக் காலி செய்யச் சொல்லவில்லை. டிராயிங் ஹாலின் பின்சுவரில் இரண்டு அலமாரி போதும், பூட்டு இல்லாமல்.

அலமாரியில் வைக்கக் கட்டைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். எடைக்குப் போனது எந்த விறகு மண்டிக்கு என்று உங்கள் காவலாளியிடம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். 37 கிடைத்தன, விறகு விலைக்குத்தான் கொடுத்தார். 23 ஏற்கெனவே ஒரு கல்யாண மண்டபத்து அடுப்புக்குப் போய்விட்டன. கிடைத்த கூம்பில் கழற்றுகிற நான்கு துண்டுகளில் மூன்று இருக்கிறது, பரவளையத் துண்டைக் காணோம். அதை நான் கடைந்துவிட்டேன், புது மரம் என்பதால் நிறம் மட்டும் ஒட்டவில்லை. அடுப்புக்குப் போன 23ஐயும் தை பிறப்பதற்குள் முடித்துவிடுவேன், காசு வேண்டாம். அலமாரி தயாரானதும் ஒரு போன் செய்யுங்கள், வேனில் ஏற்றி அனுப்புகிறேன். கூடவே என் அக்கா மகள் வருவாள். எந்தக் கட்டை எந்தத் தட்டில் என்று அவளுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவி,
பேட்டர்ன் வேலைக்காரி, கணபதி, கோயம்புத்தூர்